தலை இருந்த பக்கம்

அக்டோபர் 9

சின்னவளுக்கு,

வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உதடுதான் வெடித்துக் கிடக்கிறது, பேசினால் எரிகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் அதிசயத்தைப் பார்க்க நீ இங்கே இல்லை. உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகம்தானே?

இடம் எப்படி என்று எழுதச் சொல்லியிருந்தாய். எட்டுக் கூடாரம், ஒரு தண்ணீர் வண்டி, சுற்றிலும் மஞ்சள் பாறை. ஒரு செடி கிடையாது. ஆனால் குனிந்து பார்த்தால் தரையெல்லாம் சிப்பி. ஒரு காலத்தில் இதெல்லாம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். கடற்கரையில்தான் கூடாரம் போட்டிருக்கிறோம், கடல்தான் எழுந்து போய்விட்டது. தேடி வந்திருப்பது திமிங்கிலங்களின் முன்னோரை. சிரிக்காதே. பாலைவனத்தில் திமிங்கிலம் தேடுகிறவர்களைப் பார்த்து ஜீப் டிரைவரே சிரித்து முடித்துவிட்டார்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்கள் பாறையில் எலும்பைக் கண்டுபிடிப்பார்கள். நான் அதைச் சுத்தம் செய்து, அளந்து, எப்படி இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுவேன். ஜீப் பத்து நாளுக்கு ஒருமுறை டவுனுக்குப் போய்த் தபாலை எடுத்து வரும். போன் பேச வேண்டுமானாலும் நாலு மணி நேரம் போய் அந்தத் தபால் ஆபீசில்தான் நிற்க வேண்டும். அதனால் நிறைய எழுது.

வருஷம் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். ஜனவரி முதல் வாரம் உன் வீட்டில் இருப்பேன். நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது நான்தான். அம்மா இருந்து செய்ய வேண்டியது. அதில் எதுவும் குறைய விட மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், உள்ளே இருப்பவரையும் சேர்த்தால் நாலு. உன் உதட்டுக்கு ஏதாவது தடவு.

முதலில் என் தொழிலை முடித்துவிடுகிறேன். உன் கடிதத்தில் நாலு இடத்தில் ஒற்று இல்லை, ஒரு இடத்தில் ரகரம் றகரமாகியிருக்கிறது. பகலெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அக்காவையும் திருத்த வேண்டியிருக்கிறது.

உள்ளே இருப்பவர் நான் மேஜை முன்னால் உட்கார்ந்ததும் உதைக்க ஆரம்பிக்கிறார். நேற்று உதைத்த உதையில் சிவப்புப் பேனா கோடு போட்டுக்கொண்டே போய்விட்டது. நல்ல வரி ஒன்று அடிபட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது இதே பேச்சுதானாம். "பொறந்தவுடனே பவர் பாத்துடலாம், அப்பா கடைதானே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அத்தை முறைக்கிறார். "மொதல்ல நல்லபடியா வரட்டும், அப்புறம் கண்ணாடி மாட்டலாம்" என்கிறார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு வருஷம் காத்திருந்து வந்தது, அதனாலோ என்னவோ. இவரிடம் சொன்னால் அவரும் பயப்படுவார், பிறகு இரண்டு பேர் பயத்தையும் நானே சுமக்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் போதும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

உன்
சின்னவள்


நவம்பர் 15

சின்னவளுக்கு,

உதடு ஆறிவிட்டது. நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்ததில் நிம்மதி. பயப்படாதே, இன்னும் ஏழு வாரம், வந்துவிடுவேன்.

இங்கே ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. போன வாரம் ஒரு சரிவில் தண்ணீர் அரித்த இடத்தில் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. தோண்டத் தோண்ட விலா, தோள், மண்டை. காதெலும்பைச் சுத்தம் செய்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு பக்கம் தடித்து, கூழாங்கல் மாதிரி கனத்துக் கிடக்கும் காதெலும்பு. திமிங்கில வம்சத்தின் அடையாளம் அது. மறுநாள் பின்னங்கால் கிடைத்தது. ஆமாம், கால். நாலு காலும் இருந்திருக்கிறது. கணுக்கால் எலும்பு என் உள்ளங்கையில் அடங்கியது. மேலும் கீழும் கப்பி மாதிரி பள்ளம். மாட்டுக்கும் மானுக்கும் நீர்யானைக்கும் இருப்பது போலவே. கடலில் போய் நீந்திய பிராணி, குளம்புக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு.

இவற்றின் வழி வந்தவைதான் இந்தக் கரையை விட்டுப் புறப்பட்டு, கண்டம் கண்டமாகப் பரவியிருக்கின்றன. அவற்றின் எலும்புகள் பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்திலும் கிடைக்கின்றன. பின்னால் வந்தவற்றுக்கு உடம்பு நீண்டு, கால் சிறுத்து, கரைக்கு வரவே முடியாமல் போயிற்று. இது இன்னும் இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்த ஒன்று.

எங்கள் குழுத் தலைவர் பெரிய மனுஷர், யாரையும் லேசில் பாராட்டமாட்டார். "இதை நீங்கதாம்மா எழுதணும், வேற யாரும் தொடக் கூடாது" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அக்கா


டிசம்பர் 5

அக்கா,

உன் கடிதத்தை அச்சகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஃபோர்மேன், "கால் இருந்தும் தண்ணிக்குள்ள போச்சா, என்ன கஷ்டமோ அதுக்கு" என்று கேட்டார். நீ வந்து சொல்.

நான் நலம். உள்ளே இருப்பவர் இரண்டு நாளாகக் கொஞ்சம் சாதுவாக இருக்கிறார். முன்னைப் போல உதை இல்லை. அத்தை, "எட்டு மாசம் ஆச்சுன்னா எடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். எதற்கும் நாளை மறுநாள் டாக்டரிடம் போகலாம் என்றிருக்கிறோம். இவர் கடைக்கு லீவு விட்டுவிட்டார்.

ஒற்றுப் பிழை இந்த முறை இரண்டுதான். தேறுகிறாய்.

சீக்கிரம் வந்துவிடு.

சின்னவள்


டிசம்பர் 13

சின்னவளுக்கு,

நலமா? ஜீப் பழுதாகிவிட்டது. தபால் எதுவும் வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தண்ணீர் வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான்கு நாளைக்கு முன் விலா எலும்புகளுக்கு நடுவில் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னப் பல் தட்டுப்பட்டது. தின்ற இரை என்றுதான் முதலில் நினைத்தோம். வயிற்றில் இருப்பது வேறென்னவாக இருக்கும். ஆனால் பல்லில் கடிபட்ட தடமோ, கரைந்த தடமோ இல்லை. ஒரு முறைகூட எதையும் மென்றிராத பல். வடிவம் அப்படியே பெரிய மண்டையில் இருக்கும் பல்லின் வடிவம், அளவுதான் சிறியது. அப்புறம் முட்டை ஓடு கனத்தில் மண்டை எலும்பு தெரிந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

குட்டி, சின்னவளே. பெற்றெடுக்காத குட்டி. நாலே முக்கால் கோடி வருஷமாகத் தாயின் வயிற்றிலேயே இருக்கிறது.

நான் உடனே உன்னைத்தான் நினைத்தேன். நீயும் இவளும் ஒரே மாதிரி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இவளுக்கும் அநேகமாக நிறைமாதம். உன் வயிற்றில் கை வைத்தது போல அந்தப் பாறையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயம். இதை அவசரமாக எடுக்க முடியாது. மொத்தத்தையும் சாந்து பூசிக் கட்டித் தூக்க வேண்டும். தலைவர் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறார். ஜனவரி முதல் வாரம் முடியாது, கடைசி வாரத்துக்குள் எப்படியும் வந்துவிடுவேன். உனக்கு நாள் குறித்திருப்பதும் கடைசி வாரம்தானே. கோபித்துக்கொள்ளாதே. நீ புரிந்துகொள்வாய்.

அக்கா


ஜனவரி 3

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

இந்தப் பக்கம் ஒரு வாரமாக மழை. சமையலறை ஜன்னல் சட்டம் ஊறிப்போய்த் திறக்க வரவில்லை. அச்சகத்தில் புது மெஷின் வந்திருக்கிறதாம். நான் இப்போது போவதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி.

உன் கடிதம் கிடைத்தது. ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குட்டியின் தலை எந்தப் பக்கம் இருந்தது?

சின்னவள்


ஜனவரி 12

சின்னவளுக்கு,

நான் நலம். உன் டிசம்பர் கடிதமும் ஜனவரிக் கடிதமும் சேர்ந்தே வந்தன. சாதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, டாக்டர் என்ன சொன்னார்? அடுத்த கடிதத்தில் நீ எதுவும் சொல்லாததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை என் பிழைகளைச் சொல்லவே இல்லையே. வயிறு இடித்துப் பேனா எட்டவில்லையா?

நீ கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு தூரத்தில் இருந்து எப்படிச் சரியாக அதையே கேட்டாய்? குட்டியின் தலை தாயின் வால் பக்கம் இருக்கிறது. தலை முதலில் வரும்படி. இன்றைய திமிங்கிலங்களுக்கு அப்படி இல்லை, அநேகமாக வால்தான் முதலில் வரும். தண்ணீருக்குள் தலை முதலில் வந்து, நேரமாகிவிட்டால், குட்டிக்கு மூச்சுமுட்டிவிடும். அதனால் இவள் தண்ணீரில் ஈனவில்லை என்று நினைக்கிறோம். கடலில் வாழ்ந்தவள், பிரசவத்துக்கு மட்டும் கரையேறி வந்திருக்கிறாள். குட்டிக்குப் பல் தயாராக இருந்தது. பிறந்த அன்றே எழுந்து நடந்திருக்கும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏன் நின்றுபோயிற்று என்று எலும்பு சொல்லவில்லை.

இன்னும் பத்து நாளில் சாந்து வேலை முடியும். ஆய்வுக்கூடத்தில் குட்டியின் மண்டையைத் தனியாகப் பிரித்தெடுக்கும் பொறுப்பும் எனக்குத்தான். அதற்கு முன்னால் நேராக உன்னிடம் வருகிறேன். குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அக்கா


ஜனவரி 20

அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலம் அறிய ஆசைப்படுகிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். எழுதக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்த பிறகு என்னால் முடியவில்லை.

குழந்தை போய்விட்டது. டிசம்பர் ஏழாம் தேதி. டாக்டரிடம் போனபோதே துடிப்பு இல்லை. அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டதால் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அவள் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

குழந்தையை அவளுக்குக் காட்டவில்லை. என் அம்மா, "பாக்க வேணாம்ப்பா, பாத்தா மனசுலயே நின்னுடும்" என்றாள். நானும் சரி என்றேன். அவளுக்கு நினைவு முழுசாகத் திரும்பி, எழுந்து உட்காருவதற்குள் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. அது சரியா தப்பா என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தப்பு என்று தெரிகிறது. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள்.

உங்கள் குட்டி பற்றிய கடிதம் டிசம்பர் இருபத்து நாலாம் தேதி வந்தது. நான் மறைத்து வைத்திருப்பேன். அவளே கதவைத் திறந்து வாங்கிவிட்டாள். படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். உங்கள் மேல் தவறு இல்லை, உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்


பிப்ரவரி 1

சின்னவளே,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கடிதம் கிடைத்த அன்றே ஜீப்பை எடுக்கச் சொல்லி டவுனுக்கு வந்து போன் செய்தேன். உன் மாமியார் எடுத்தார். "தூங்குறாம்மா" என்றார். பின்னால் நீ இருமுவது கேட்டது. இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் சாது என்று நீ எழுதியதைப் படித்தும் அன்றே புறப்படவில்லை. கல்லில் கிடந்த குட்டிக்குத் தூரிகை பிடித்துக்கொண்டிருந்தேன். நீயும் அவளும் ஒரே மாதிரி என்று வேறு எழுதினேன். எந்தக் கையால் எழுதினேனோ, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் குழந்தைக்குச் சட்டை தேடிக்கொண்டிருந்திருப்பேன். பை கட்டி வைத்திருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது. வராதே என்றாலும் எழுது.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

வராதே. இப்போது வராதே. நீ வந்தால் அழுவாய், உன்னை நான் தேற்ற வேண்டியிருக்கும். உடம்பு பரவாயில்லை. தையல் ஆறிவிட்டது.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். நாலே முக்கால் கோடி வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க முடியாதா? கணக்குப் பார்த்தால் நீ சொன்ன தேதிக்கே வந்திருந்தாலும் எல்லாம் முடிந்துதான் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. போகிறபோது போகட்டும்.

உன் அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எரிக்கலாம் என்று எடுத்துப் போனேன், முடியவில்லை. அந்தக் குட்டிக்கு என்ன பல், என்ன மண்டை, எந்தப் பக்கம் தலை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என் பெண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவுகூடத் தெரியாது. எட்டு மாதம் என்னோடு இருந்தவள். அவள் முகத்தை இவர் பார்த்தார், அத்தை பார்த்தார், நர்ஸ் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

இவரிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உடைந்துபோவார். நீ கேள். அவரிடம் கேட்டு, உன் குறிப்பேட்டில் எழுதுவது போல எனக்கு எழுது. தூங்குவது போல இருந்தாள், பூ மாதிரி இருந்தாள் என்றெல்லாம் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நீளம் வேண்டும், எடை வேண்டும், முடி எப்படி என்று வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுது.

சின்னவள்


மார்ச் 8

சின்னவளே,

உன் உடம்பு தேறி வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நான் நகரத்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். சாந்துக் கட்டு வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சின்ன மண்டையைப் பிரிக்க வேறொருவரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தலைவர் முகம் மாறியது, ஏன் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் கடைக்குப் போன் செய்து பேசினேன். நீ கேட்டாய் என்று சொன்னேன். "இருங்க அண்ணி, கடைக் கதவைச் சாத்திட்டு வர்றேன்" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணாடி தேய்க்கிறவர், எதையும் கூர்ந்து பார்க்கிறவர். எதுவும் விட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன்.

பெண். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம். எடை இரண்டு கிலோ நூறு கிராம்.

தலைமுடி கறுப்பு, அடர்த்தி. நெற்றியின் வலப் பக்கம் சுழி. பின்கழுத்து வரை முடி இறங்கியிருந்தது. தோள்களில் பூனைமுடி.

புருவம் இருந்தது, மெல்லியதாக. கண்கள் மூடியிருந்தன. கண்ணின் நிறம் தெரியவில்லை. மாப்பிள்ளை திறந்து பார்க்கவில்லை. பார்க்க நினைத்ததாகவும், கை வரவில்லை என்றும் சொன்னார்.

மூக்கு சின்னது, நுனி உருண்டை. மேலுதட்டின் நடுவில் பள்ளம் ஆழமாக இருந்தது. உதடு கருஞ்சிவப்பு. முகவாய் கூர்மை. இந்த இடத்தில் அவர், "மூக்கு எங்க வீட்டு மூக்கு, முகவாய் அவளோடது" என்றார்.

இடது காது மடல் மேலே கொஞ்சம் மடங்கியிருந்தது. வலது காது சாதாரணம்.

கை விரல்கள் நீளம். நகம் விரல் நுனி வரை வளர்ந்திருந்தது. வலது கையை மூடியிருந்தாள். மாப்பிள்ளை தன் விரலை உள்ளே விட்டபோது கை திறந்து கொடுத்தது, பிடிக்கவில்லை. இடது பாதத்தில் இரண்டாவது விரல் கட்டை விரலைவிட நீளம்.

உடம்பில் காயம் இல்லை. குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருக்கவில்லை. ஏன் நின்றுபோயிற்று என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நீ செய்த எதனாலும் இல்லை என்று மட்டும் அவர் இரண்டு தடவை சொன்னாராம்.

குரல் தெரியவில்லை.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் மடியில் வைத்திருந்தார். அவள் தனியாக இருக்கவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் அவளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நான் நலம். இது வழக்கத்துக்கு எழுதியது இல்லை, இன்று காலை கொஞ்சம் நலமாகத்தான் இருந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது மேஜைமேல் பிரித்து வைத்தேன். எதிரில் உட்கார்ந்தார். "காது மடங்கி இருந்துச்சா?" என்று கேட்டேன். "ஆமா. இப்படி" என்று தன் காதை விரலால் மடித்துக் காட்டினார். அப்படியே அழ ஆரம்பித்தார். உடைந்துபோவார் என்று பயந்தேன் இல்லையா, உடைந்துதான் போனார். நானும்தான். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "நான்தான் பாக்க வேணாம்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அன்று யாரும் கடைக்கும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அன்றுதான் அவளைப் பற்றிப் பேசினோம்.

கண்ணின் நிறம் தெரியவில்லை என்று நீ எழுதிய இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அது எங்கள் யாருக்கும் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. அதுவும் அவளைப் பற்றி நான் அறிந்த ஒன்றாகிவிட்டது.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நீ வா.

நேற்று அவளுக்குப் பேர் வைத்தோம், நானும் இவரும். கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. இதுவரை அதை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. நீ வந்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சின்னவள்